டைனமோவைச் சுற்றிக் கேட்ட சிற்றலை

கோண்டாவில்:
உங்கள் ஊர் அலையைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். அலை என்றதும் கடல்கரைக்காரர்கள் எழுதுவதற்கு நிறைய இருக்கும். எங்கள் வீட்டு அலை றேடியோவில்தான். 1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றறி கொண்டுவரத் தடை, கள்ளமாக வந்தால் ஆனைவிலை. சித்தப்பா விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைப் பின்சில்லில் சாய்த்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோ தருவது திசை மாறிமாறி ஓடும் ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். அதற்காக நடுவில் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பெடியள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள்.

இரவு 9.15க்கு சிற்றலையில் (ஷோர்ட் வேவ்) பிபிசி தமிழோசை. ஜாம் போத்தல் விளக்கு ஒன்று எரியும், அயலட்டை முழுக்க விறாந்தையில் இருக்கும். பெரியவர்கள் செய்தி கேட்க, சுற்றும் வேலை சின்னவர்களுக்கு. சுற்றுவது கொஞ்சம் தளர்ந்தாலும் அறிவிப்பாளரின் குரல் கரகரத்துப் படுத்துவிடும், உடனே ஏச்சு விழும். ஆனால் நான் ஒரே வேகத்தில் சுற்றும்போதும் குரல் ஏறும், இறங்கும், சிலவேளை முக்கியமான இடத்தில் காணாமலே போகும். அதற்கும் ஏச்சு எனக்குத்தான்! பிறகு பௌதிகம் படிக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. சிற்றலை வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள அயன்படலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரே அலை பல வழிகளால் வந்து சேரும்போது, ஒன்றோடொன்று கூடினால் சத்தம் பெருக்கும், ஒன்றையொன்று வெட்டினால் அடங்கும். அந்தப் படலமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நான் வாங்கிய குட்டுகளில் பாதியாவது வானத்துக்குச் சேரவேண்டியவை.

பருத்தித்துறை:
எங்களுக்குத் திருச்சி வானொலி மத்திய அலையில் (மீடியம் வேவ்) பகலிலேயே கேட்கும், நடுவில் கடல்தானே. இரவில் வேறு நிலையங்களும் வந்து விழும். வெயில் இருக்கும்வரை மத்திய அலையை உறிஞ்சும் கீழ்ப்படை ஒன்று அந்த அயன்படலத்தில் இருக்கிறது. பொழுதுபட்டால் அது இல்லாமல் போகும், தூரத்து அலைகள் மேற்படையில் பட்டு எங்களிடம் வரும். அப்பாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. ‘இருட்டினால்தான் இந்தியா கிட்ட வரும்’ என்பார்.

கடலைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் கரையில் படகு இறக்குவது லேசில்லை, அதே நேரம் யாழ்ப்பாணக் களப்பில் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசலாம். 2004 டிசம்பர் 26 காலையில் வந்ததை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது காற்றால் எழுந்ததல்ல, சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் அசைந்ததால் வந்தது. ஆழ்கடலில் அதன் உயரம் குறைவு, மேலே நிற்கும் படகுக்கே தெரியாது. கரை கிட்டும்போதுதான் எழும்பும். வடமராட்சி கிழக்கில் உறவுகளை இழந்தோம். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நெடுந்தீவு:
குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறி நெடுந்தீவுக்கு வந்து பாருங்கள். முதலில் எல்லோரும் கதைத்துக்கொண்டு வருவார்கள். கடல் கொந்தளிக்கும் ஏழாத்துப் பிரிவு வந்ததும் கதை நின்றுவிடும், அப்புறம் குமட்டலுக்குத் தேசிக்காய் (எலுமிச்சை) கைமாறும். என் மனைவி இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் வருகிறா. ஊர்க்காரர் ஆடாமல் இருப்பார்கள் என்று நம்பவேண்டாம், நாங்களும் வாந்தி எடுப்போம். வெட்கத்தில் மறுபக்கம் திரும்பி எடுப்போம், அவ்வளவுதான்.

கோண்டாவில்:
ஏரியல் எப்படிக் கட்டினீர்கள் என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். பழைய மோட்டரில் கழற்றிய செம்புக் கம்பிதான். ஒரு முனை பனையில், மற்றது முருங்கையில். கம்பி மரத்தில் நேரே முட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் ரியூப் துண்டு சுற்றினோம். மாரியில் இடி முழங்கினால் முதலில் ஓடிப்போய் அந்தக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும், தமிழோசை நடுவில் இருந்தாலும் சரி. செய்தி கேட்க முடியாமல் போன இரவுகளில் கையாவது நோகாது.