விளையாடாதவங்க லோர் புக் வாசிப்பாங்களா?

கரையோரக்காகம்:

ரொம்ப நாளா மண்டைய குடையற ஒரு கேள்வி. நான் ஆறு வருஷமா ஒரே குரூப்புக்கு டிஎம்மா இருக்கேன், அதாவது மேஜையைச் சுத்தி உக்காந்து டைஸ் உருட்டி ஆடற டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்ல கதையை நடத்தறவன். எங்க கேம்பெய்ன், அதான் தொடர்ந்து ஆடற கதை, முழுக்க நீலவாசல்னு நானே உருவாக்கின ஒரு துறைமுக ஊர்லதான் நடக்குது, ஒவ்வொரு செஷனுக்கும் எழுதி எழுதி நோட்ஸ் மட்டுமே 200 பக்கம் தாண்டிருச்சு. அதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரு லோர் சப்ளிமெண்ட்டா, அதாவது அந்த உலகத்தோட ஊர், ஆளுங்க, கதையெல்லாம் விவரிக்கிற துணைப் புத்தகமா வெளியிடலாம்னு ஒரு வருஷமா உக்காந்து வேலை பாக்கறேன். ரூல்ஸ் கொஞ்சம்தான். மத்தபடி தெரு, குடும்பங்க, கடத்தல், எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் தீராத பகை, இந்த மாதிரிதான்.

போன மாசம் டிராஃப்ட் பிரிண்ட் எடுத்து மேஜை மேல வச்சிருந்தேன். எங்க அக்கா எடுத்து வாசிக்க ஆரம்பிச்சாங்க. அவங்க வாழ்க்கையில ஒரு தடவை கூட டைஸ் உருட்டினதில்ல, ரெண்டு பக்கம் புரட்டிட்டு வச்சிடுவாங்கன்னுதான் நினைச்சேன். மூணாவது நாள் வந்து "ஏன்டா, அந்த படகுக்காரி கடைசியில தம்பிய கண்டுபிடிச்சாளா இல்லையா?"ன்னு கேக்கறாங்க. "அது எழுதலக்கா, விளையாடறவங்கதான் முடிவு பண்ணுவாங்க"ன்னேன். அவங்க முகமே மாறிப்போச்சு. "அப்ப எதுக்குடா அவளைப் பத்தி இவ்வளவு எழுதின?"ன்னாங்க.

இன்னொண்ணும் கவனிச்சேன். முதல் 40 பக்கம் யுகங்கள், கடவுள்கள், அரச வம்சம், அதுக்குதான் நான் அதிகமா உழைச்சிருந்தேன், அதை அவங்க வாசிக்கவே இல்ல, நேரா படித்துறை அத்தியாயத்துக்குப் போயிட்டாங்க.

இப்ப என் கேள்வி இதுதான். டேபிள்டாப் ஆடற கொஞ்ச பேரைத் தாண்டி லோர் சப்ளிமெண்ட்டுக்கு வாசகர்னு ஒருத்தர் உண்மையிலேயே இருக்காங்களா? இருந்தா அவங்களையும் மனசுல வச்சு எழுதலாமா, இல்ல டிஎம்முக்கு மட்டும்னு முடிவு பண்ணிட்டு வேலைய முடிக்கறதா?

---

பகடைப்பன்னெண்டு:

நேராவே சொல்றேன் ப்ரோ, பெருசா எதிர்பார்க்காதீங்க. உங்க அக்கா கேட்ட கேள்வியிலயே பதில் இருக்கு. நாவல்ல ஒரு முடிச்சு போட்டா அதை அவிழ்க்கறது எழுதறவன் பொறுப்பு, சப்ளிமெண்ட்ல முடிச்சைப் போட்டுட்டு அவிழ்க்காம விடறதுதான் நம்ம வேலையே. உதாரணத்துக்கு, ஒரு காவல் தலைவனை யார் கொன்னாங்கன்னு எழுதிட்டீங்கன்னா டேபிள்ல அஞ்சு பேருக்கு செய்யறதுக்கு ஒண்ணுமில்லாம போயிடும். அதனாலதான் "ஒருவேளை தம்பி, ஒருவேளை மனைவி, டிஎம் விருப்பம்"னு விட்டு வைக்கிறோம். தனியா உக்காந்து வாசிக்கிறவருக்கு அது ஏமாத்தம்தான், அவரு யாரோட சேர்ந்து அதைக் கண்டுபிடிப்பாரு?

அதோட இன்னொரு விஷயம். லோர் புக் வழியா ஒரு உலகத்துக்குள்ள முதல் தடவையா நுழையறவங்க ரொம்ப கம்மி. ஏற்கனவே படத்துலயோ கதையிலயோ வீடியோ கேம்லயோ அந்த உலகத்து மேல ஆசை வந்தவங்கதான் "இன்னும் கொஞ்சம் சொல்லு"ன்னு லோர் புக்கைத் தேடி வருவாங்க. முன்வாசல் வேற எங்கயோ இருக்கு, நம்மது பின்வாசல். உங்க ஊருக்கு இன்னும் முன்வாசலே இல்லையே. மனசு நோகடிக்க சொல்லல, ஆறு வருஷ உழைப்பு தப்பான ஆளைத் தேடிப் போயிடக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

---

பழையமூட்டை:

பகடை சொன்னதுல பாதிக்கு மேல ஒத்துக்கறேன், ஆனா வரலாறு கொஞ்சம் வேற மாதிரியும் இருக்கு, அதையும் பாக்கணும்.

1987ல வெஸ்ட் எண்ட் கேம்ஸ்ங்கற கம்பெனி ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு ஒரு ரோல்பிளேயிங் கேம் போட்டாங்க, கூடவே ஒரு சோர்ஸ்புக், அதான் அந்த உலகத்து விவரம் சொல்ற புக். படத்துல ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போற பச்சை முக ஆளுங்களுக்கு எல்லாம் இனப் பேரே கிடையாது அப்ப. டிஎம்முக்கு பேர் வேணுமேன்னு இவங்கதான் வச்சாங்க. ரோடியன், ட்வைலெக் எல்லாம் அந்தப் புக்ல இருந்து வந்த பேருங்க. அப்புறம் எழுத்தாளர் டிமோத்தி ஸான் ஸ்டார் வார்ஸ் நாவல் எழுத உக்காந்தப்ப, படத்தை எடுத்த லூகாஸ்ஃபில்ம் அவருக்கு ஆதாரமா அனுப்பினது இந்த கேம் புத்தகங்களைத்தான், அந்த நாவல் 1991ல வந்து சக்கைப்போடு போட்டுச்சு. இன்னிக்கு டைஸைக் கையால தொடாதவங்க கூட ட்வைலெக்னு சொல்றாங்க. அந்த சப்ளிமெண்ட்டை அவங்க வாசிச்சிருக்க மாட்டாங்க, ஆனா அதுல இருந்த விஷயம் அவங்க வரைக்கும் போய் சேர்ந்திருக்கு. நம்ம சின்ன வட்டத்தைத் தாண்டறதுன்னா புத்தகமே தாண்டணும்னு இல்ல.

சைபர்பங்க்கும் அப்படித்தான். மைக் பாண்ட்ஸ்மித் 1988ல கொண்டு வந்த டேபிள்டாப் கேம், 2020ல வீடியோ கேமா வந்தப்பதான் அந்தக் கதை நடக்கிற ஊர் வீடு வீடா போய் சேர்ந்துச்சு. குளோராந்தாங்கற கற்பனை உலகம் இன்னும் பழசு, கிரெக் ஸ்டாஃபர்ட் 1966ல எழுத ஆரம்பிச்சது, முதல்ல போர்டு கேம், அப்புறம் 1978ல ரூன்குவெஸ்ட்ங்கற ரோல்பிளேயிங் கேம், 1999ல கம்ப்யூட்டர் கேம், கடைசியா 2014ல ரூல்ஸே இல்லாம உலகத்தை மட்டும் விவரிக்கிற ரெண்டு தடிமனான வால்யூம். ரெண்டும் சேர்த்து 800 பக்கம் போல. ரூல்ஸ் இல்லாத ஒரு லோர் புக்கை இவ்வளவு பெருசா போடலாம்னு ஒரு பதிப்பாளர் துணிஞ்சதே எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான். ஆனா அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 50 வருஷம் ஓடியிருக்கு, அதையும் மறந்துடாதீங்க.

நான் உங்களுக்கு உதாரணமா காட்ட ஆசைப்படறது வாட்டர்டீப் நகரத்துக்கு 1992ல வந்த வோலோ கைடு. அந்த நகரம் இருக்கிற ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தை, கைடை எழுதின எட் கிரீன்வுட் சின்னப் பையனா இருக்கும்போதே, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு 1974ல வர்றதுக்கு முன்னாடியே கதை எழுதறதுக்காக யோசிச்சு வச்சிருந்தாரு. அதனாலயோ என்னவோ அந்த கைடுல ஒரு மனுஷன் தெரு தெருவா நடந்து போய் சத்திரம் சத்திரமா மார்க் போடறான், இங்க தூங்கலாம், இங்க கத்தி மேல ஒரு கண்ணு வச்சுக்கோன்னு. அவனுக்குன்னு ஒரு குணம் இருக்கு, பெருமையடிச்சுக்கறான், வம்பு பேசறான். எனக்கு அதை முதல்ல குடுத்த நண்பரும் விளையாடறவர் இல்ல, பழைய பயணக் கட்டுரைகள் விரும்பி வாசிக்கிறவர். யாரோ ஒருத்தன் சொல்ற மாதிரி இருந்தா வெளியாள் உள்ள வந்துடறாங்கன்னு அன்னிக்குதான் எனக்குப் புரிஞ்சது.

---

நள்ளிரவுடிஎம்:

எல்லாரும் வாசகரைப் பத்தியே பேசறீங்க, டேபிள்ல உக்காந்து இருக்கிறவன் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்க.

போன வருஷம் நான் ஒரு நகர சப்ளிமெண்ட் வாங்கினேன், பேர் வேண்டாம். எழுத்து அவ்வளவு அழகு, படுத்துகிட்டு வாசிச்சா சொர்க்கம். செஷன்ல பிளேயர்ஸ் திடீர்னு திட்டத்தை மாத்தி "நாங்க பாலத்துக் காவல்காரன்கிட்ட பேசணும்"னாங்க. அவன் பேர் என்ன, அவனுக்கு என்ன வேணும், லஞ்சம் வாங்குவானா, இந்த மூணும்தான் எனக்கு வேணும். அதுல ஒண்ணு 31ம் பக்கத்துல ஒரு நீளமான பத்திக்கு நடுவுல, இன்னொண்ணு 88ல யாரோ எழுதின கடிதத்துக்குள்ள, மூணாவது கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்ல. நாலு பேர் என் முகத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க, அந்த அமைதிய எந்த டிஎம்மும் மறக்க மாட்டான். அந்த சீன் அப்படியே செத்துப்போச்சு. பேசாம நானே ஒரு பேரை சொல்லிட்டு போயிருக்கலாம், ஆனா புக் வாங்கினதே அதுக்காகத்தானே.

அதனால காகம், வெளியாளுக்காக எழுதறேன்னு எல்லாத்தையும் கதையா கரைச்சுடாதீங்க. உங்க புக்கை காசு குடுத்து வாங்கி 20 தடவை திறக்கப் போறவன் நான்தான். படுத்து வாசிக்கிறவங்க ஒரு தடவை திறப்பாங்க.

---

மழைக்கால_வாசகி:

நான் விளையாடினதே இல்ல. இந்த மாதிரி புத்தகங்கள் என்கிட்ட பதினொண்ணு இருக்கு. அதனால என்னை மாதிரி ஆளுங்க இருக்காங்களான்னு கேட்டா, இருக்கோம்.

பகடை அண்ணா, பின்வாசல்னு சொன்னீங்க இல்லையா, நான் வாசிச்ச முதல் புக்குக்கு நீங்க சொல்ற அந்த முன்வாசல் எதுவுமே கிடையாது. படம் பாக்கல, கேம் ஆடல, அந்த உலகத்தோட பேர் கூட கேள்விப்பட்டதில்ல. யாரோ வேண்டாம்னு குடுத்த புத்தகக் கட்டுல இருந்துச்சு, சும்மா நடுவுல திறந்தேன். ஒரு ஆத்துல ஓடற படகுக்கு கட்டணப் பட்டியல் இருந்துச்சு. உயிரோட இருக்கிற ஆளுக்கு ரெண்டு செம்புக்காசு. பிணத்துக்கு ஒண்ணு, கூட அழுதுட்டு வர்றவங்களுக்கு இலவசம். அக்கரைக்கு சாட்சி சொல்லப் போறவங்களுக்குக் கட்டணமே இல்ல, ஆனா அவங்க திரும்பி வர்றப்ப நாலு காசு.

அந்தக் கடைசி வரிலயே நின்னுட்டேன். சாட்சி சொன்னவன் திரும்பி வர்றப்ப மட்டும் ஏன் நாலு? பயமா? தண்டனையா? இல்ல திரும்பி வர்றவங்களே கம்மிங்கறதாலயா? புக்ல எங்கயும் அதுக்கு பதில் இல்ல. எனக்கு அது ஏமாத்தமா இல்ல, ரெண்டு நாள் அதையே யோசிச்சுட்டு இருந்தேன், நானா மூணு காரணம் கண்டுபிடிச்சேன். டேபிள்ல உக்காந்து நீங்க செய்யறதும் இதுதானே? நான் தனியா செஞ்சேன், அவ்வளவுதான்.

காகத்தோட அக்கா ஏன் கோபப்பட்டாங்கன்னும் எனக்கு தோணறத சொல்லிடறேன். தம்பி கிடைச்சானா இல்லையாங்கறது கதையோட முடிவு, அதை மறைச்சா யாருக்கும் கோபம் வரும். திரும்பி வர ஏன் நாலு காசுங்கறது ஒரு புதிர், அதுல நானே இறங்கிக்கலாம். படகுக்காரி மேல எங்களுக்கு பாசம் வர்ற அளவுக்கு எழுதிட்டு கைய விரிச்சா கஷ்டமா இருக்கு. அதே படகுக்காரி தம்பி காணாமப்போன நாள்ல இருந்து அவனோட துடுப்பை யாருக்கும் வாடகைக்கு விடறதில்ல, ஆனா வாரத்துல ஒரு நாள் அது ஈரமா இருக்குன்னு எழுதி நிறுத்துங்க, நான் முடிவே கேக்க மாட்டேன், அந்தத் துடுப்பைத்தான் யோசிச்சுட்டு இருப்பேன்.

நான் பாதியில மூடி வச்ச புத்தகங்கள் எல்லாமே ஒரே மாதிரி ஆரம்பிக்கும். பத்தாயிரம் வருஷம் முன்னாடி ரெண்டு கடவுள் சண்டை, முதல் பக்கத்துலயே பதினஞ்சு புதுப் பேரு, அதுல பாதி என் வாய்ல நுழையாது. அந்தப் பேருங்க மேல எனக்கு அக்கறை வர்றதுக்கு முன்னாடியே ஞாபகம் வச்சுக்கோன்னு கேக்கறாங்க. ஸ்டாட் பிளாக், அதான் ஒரு ஆளோட பலம், திறமையெல்லாம் நம்பரா போட்ட கட்டம், அது கூட என்னைத் தொந்தரவு பண்ணதில்ல, தாண்டிப் போயிடுவேன்.

---

பகடைப்பன்னெண்டு:

வாசகி, அந்த சாட்சிக் கட்டணம் எனக்கும் இப்ப மண்டைக்குள்ள உக்காந்துடுச்சு. அடுத்த வாரம் என் டேபிள்ல அதை அப்படியே வைக்கப் போறேன். முன்வாசல் பத்தி சொன்னதை முழுசா வாபஸ் வாங்கல, உங்களை மாதிரி பதினொண்ணு வச்சிருக்கிறவங்க எண்ணிக்கை கம்மிதான். ஆனா நடுவுல திறந்தாலும் உள்ள இழுக்கிற பக்கம்னு ஒண்ணு இருந்தா அதுவே வாசல்ங்கறது சரி, அதை நான் யோசிக்கல.

---

கரையோரக்காகம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா இதையேதான் திரும்பத் திரும்ப வாசிச்சேன். நேத்து ராத்திரி உக்காந்து ஒரு பக்கத்தை மாத்திப் பாத்தேன். பழசு இப்படி இருந்துச்சு:

"நீலவாசலின் மூன்றாம் யுகத்தில், எட்டாம் காவலர் மன்றத்தின் ஆணைப்படி படகோட்டிகள் சங்கம் நிறுவப்பட்டது. சங்கம் பன்னிரண்டு கிளைகளைக் கொண்டது. ஒவ்வொரு கிளையும் ஒரு படித்துறையை நிர்வகிக்கிறது."

புதுசு:

"நீலவாசலில் பொழுது சாய்ந்த பிறகு ஏழாம் படித்துறைக்குப் படகு கிடைக்காது. கேட்டால் நீரோட்டம் சரியில்லை என்பார்கள். ஆறாம் துறைக்கும் எட்டாம் துறைக்கும் அதே நீரோட்டம்தான், அங்கெல்லாம் விடிய விடியப் படகு போகிறது. சங்கத்துக்குப் பன்னிரண்டு துறைகள் இருந்தாலும் கூட்டத்துக்குப் பதினொரு நாற்காலிதான் போடுகிறார்கள்."

பன்னெண்டு கிளைங்கற தகவல் இதுலயும் இருக்கு, யுகமும் மன்றமும் பின்னிணைப்புக்குப் போயிடுச்சு. அந்த 40 பக்கத்துல முக்கால்வாசி அங்கதான் போகப் போகுது. மனசு வலிக்குது, ஆனா அக்கா தாண்டிப் போனதை நேர்ல பாத்தேனே.

நள்ளிரவு, உங்களுக்காக ஒவ்வொரு இடத்துக்கும் பக்க ஓரத்துல ஒரு கட்டம் வைக்கிறேன். பேர், என்ன வேணும், எதுக்கு பயப்படுவான், மூணே வரி. கதைக்குள்ள இருந்து எதையும் தேட வேண்டியதில்ல. வாசகி மாதிரி வாசிக்கிறவங்க கட்டத்தைத் தாண்டிப் போகலாம், நீங்க கட்டத்தை மட்டும் பாக்கலாம். ஆனா ஒரு சந்தேகம், ஏழாம் துறையில என்ன நடக்குதுங்கற உண்மை டிஎம்முக்குத் தெரியணும், அதையும் அந்தக் கட்டத்துலயே எழுதினா வாசகி கண்ணுல பட்டுடும்.

---

நள்ளிரவுடிஎம்:

ஓரத்துல வேண்டாம். மூணு வரி கட்டம் அங்கேயே இருக்கட்டும், ரகசியத்தை மட்டும் கடைசில தனி அத்தியாயமா போட்டு ஓரத்துல பக்க எண் குடுங்க. நான் செஷனுக்கு முன்னாடியே அதை வாசிச்சுட்டு வந்துடுவேன், ரகசியத்தை நடு ஆட்டத்துல தேடற நிலைமை வராது. நடுவுல தேவைப்படறது பேரும் லஞ்சமும்தான்.

---

மழைக்கால_வாசகி:

அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் திறக்க மாட்டேன். பதினொரு நாற்காலிக்கு ஏற்கனவே ஒரு காரணம் யோசிச்சாச்சு. அந்தப் பக்கத்தை அக்காகிட்ட குடுத்தீங்களா, என்ன சொன்னாங்க?

---

கரையோரக்காகம்:

இன்னிக்கு காலையில குடுத்தேன். வாசிச்சுட்டு ஒண்ணுமே சொல்லல. சாயங்காலம் வந்து, "பன்னெண்டாவது நாற்காலி இப்ப எங்க இருக்கு, அதை மட்டும் சொல்லு"ன்னாங்க.