ரன்பிஎம்மை 0 ஆக்கிவிட்டால் போதுமா, டிரைவரைத் திருத்த வேண்டுமா?

களுவாஞ்சிகுடி டீச்சர்:
லினக்ஸ் ஓடுகிற எங்கள் கணினி வகுப்பு லாப்டொப்களில் இன்டெல் கிராபிக்ஸும் தனி ஏஎம்டி கார்டும் இருக்கின்றன. சும்மா இருந்தால் ஏஎம்டி கார்டு தூங்கிவிடும், முப்பரிமாணப் படம் செய்கிற பிளெண்டர் திறந்தால் எழும்பும். கேர்னல் (லினக்ஸின் உட்கரு) அப்டேட் ஆன பிறகு சில நேரம் எழும்பாமல் மெஷின் ஸ்டக் ஆகி நிற்கிறது. பழைய லொக்கில் (மெஷின் எழுதிவைக்கும் பதிவில்), டி3கோல்டிலிருந்து (மின்சாரம் முழுதாக அறுந்த நிலை) டி0-க்கு (முழுதாக விழித்த நிலை) மாற்ற முடியவில்லை, சாதனத்தை எட்ட முடியவில்லை என்று ஒரு வரி. அந்தக் கார்டின் ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு, கார்டு தூங்குவதையே நிறுத்துகிற ரன்பிஎம்=0 கொடுத்தால் ஸ்டக் ஆவதில்லை, ஆனால் பெட்டரி சீக்கிரம் இறங்குகிறது. அப்படியே விடலாமா?

அக்கரைப்பற்று றிப்பேர் கடை:
விடுங்கள் டீச்சர். என்னிடம் மெஷின் கொண்டுவருகிறவருக்கு வேண்டியது வேலை கெடாத லாப்டொப், கேர்னல் ஆராய்ச்சி இல்லை. சேமிக்காத வேலை ஒருதரம் போனால் பிள்ளை லினக்ஸையே தொடாது. மெஷினைத் தொடக்குகிற கிரப்பில் ஒரு சொல் சேர்த்தால் முடிகிற விஷயம்.

வந்தாறுமூலை:
றிப்பேர் கடை நானா, இன்றைக்கு வகுப்பு நடக்க அது சரி. நிரந்தரமாக எல்லா மெஷினுக்கும் போடுவதைத்தான் மறுக்கிறேன். 0 என்றால் யாரும் தொடாவிட்டாலும் கார்டு டி0-விலேயே நின்று மின்சாரம் குடிக்கும். இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் பெட்டரி இருக்கும்வரைதானே பிள்ளைகள் படித்தார்கள்?

இதில் இரண்டு விதமான பழுது உண்டு. ஒன்று, கார்டு தூங்கவே தூங்காது. எழுப்பும்போது டிரைவர் பயன்பாட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் என்ற பங்ஷன், எழுப்புவது தோற்றாலும் கூட்டியதைக் குறைக்காது. பிழை வந்த வழியில் டிரைவர் குறைக்க மறந்தால் எண்ணிக்கை 0-க்கு இறங்காது, கார்டும் தூங்காது. 2020இல் நூவோ, ரேடியான், ஏஎம்டிஜிபியு என்ற மூன்று கிராபிக்ஸ் டிரைவர்களிலும் இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த 5.10 கேர்னலில், தோற்றால் தானே குறைத்துக்கொள்கிற புதுப் பங்ஷனும் சேர்ந்தது. யாரோ உட்கார்ந்து தேடியதால்தான் அது நடந்தது.

மற்றது, தூங்கிய கார்டு எழும்பாது. டீச்சருடையது இதுதான்.

அக்கரைப்பற்று றிப்பேர் கடை:
தேடுவது யார் தம்பி? கிட் பைசெக்ட் என்பீர்கள், மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துக் கெடுத்ததைத் தேடுவது. இரண்டு கேர்னல் வெளியீட்டுக்கு நடுவில் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள். சுமார் 14 சுற்று, ஒவ்வொன்றுக்கும் கம்பைல், ரீபூட். ஸ்டக் ஆவதும் எப்போதாவதுதான், அதனால் ‘இது நல்ல கேர்னல்’ என்று சொல்லவே ஒரு நாள் பார்த்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் அதற்குக் காசு தருவாரா?

கல்முனை மாணவன்:
கிரப் மெனுவில் பழைய கேர்னலைத் தெரிவுசெய்து பார்த்தீர்களா டீச்சர்? அதில் வராவிட்டால் அதையே வைத்திருக்கலாமே.

வந்தாறுமூலை:
தம்பி, சோதனைக்குச் சரி. அதிலேயே நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது.

நானா சொல்கிற செலவு உண்மை. ஆனால் ஏஎம்டி, பிசிஐ (கார்டை மெஷினோடு இணைக்கும் பகுதி) கோப்புறைகளைத் தொட்ட மாற்றங்களை மட்டும் பைசெக்ட் செய்தால் சுற்றுகள் நன்றாகக் குறையும். அதற்கும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ரன்பிஎம்=0-ஐ எடுத்துவிட்டு, சாதன அமைப்புகளைக் கேர்னல் பைல்களாகக் காட்டுகிற சிஸ்எப்எஸ்ஸில் அந்தக் கார்டின் கோப்புறையில் டி3கோல்ட்_அலவ்ட் என்ற பைலில் 0 எழுதுங்கள். கார்டு தூங்கும், ஆனால் மின்சாரம் முழுதாக அறாது. தூங்குகிறதா என்று ரன்டைம்_ஸ்டேட்டஸ் பைலில் பாருங்கள். சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை அடிக்க வேண்டாம், அது கார்டை எழுப்பிவிடும். ஐந்து விநாடி சும்மா இருந்தாலே தூங்கப் போகிற கார்டு, அதனால் சோதிக்க நேரம் எடுக்காது.

களுவாஞ்சிகுடி டீச்சர்:
இரண்டு மெஷினில் செய்தேன். ‘சஸ்பெண்டெட்’ என்று காட்டுகிறது. பிளெண்டரைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடியும் ஸ்டக் ஆகவில்லை.

வந்தாறுமூலை:
அப்படியானால் மின்சாரத்தை முழுதாக அறுத்துத் திரும்பக் கொடுக்கிற இடத்தில்தான் கோளாறு. பிசிஐ பகுதியாக இருக்கலாம், பயோஸாகவும் இருக்கலாம். ஃப்ரீடெஸ்க்டாப் கிட்லாப் தளத்தில் ஏஎம்டி டிரைவர் பக்கத்தில் இதை லொக்கோடு ரிப்போர்ட்டாகப் போட வேண்டும்.

அக்கரைப்பற்று றிப்பேர் கடை:
சரி, ரன்பிஎம்மை விட இது நல்லது என்று ஒத்துக்கொள்கிறேன். ரீபூட்டில் அந்தப் பைல் பழையபடி 1 ஆகிவிடும், ஒவ்வொருதரமும் தானாக 0 எழுத யூடெவ் விதி ஒன்று எழுதிவிடுகிறேன். ஆனால் இத்தோடு நிறுத்துவேன். இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க என் கடையில் ஆள் இல்லை.

வந்தாறுமூலை:
இத்தோடு நிறுத்தினால் இதே மாடல் வைத்திருக்கிற அடுத்தவருக்கும் ஸ்டக் ஆகும் நானா. திருத்தம் மூலக் கேர்னலுக்குப் போய், நீண்ட நாள் திருத்தம் கிடைக்கிற எல்டிஎஸ் கேர்னலுக்கும் வந்தால், யூடெவ் விதி தெரியாதவருக்கும் அப்டேட்டில் கிடைக்கும். இங்கிலீஷ் மூன்று வரி போதும், நானே எழுதுகிறேன். டீச்சர், ஸ்டக் ஆன நேரத்து முழு லொக், மாடல் பெயர், பயோஸ் பதிப்பு, கடைசியாக ஒழுங்காக ஓடிய கேர்னல் எண் நான்கையும் இங்கே போடுங்கள்.

அக்கரைப்பற்று றிப்பேர் கடை:
இதே மாடல் என் மேசையிலும் ஒன்று கிடக்கிறது. அதன் லொக்கும் வேண்டுமா?

வந்தாறுமூலை:
கட்டாயம். பயோஸ் பதிப்பு வேறாக இருந்தால் இன்னும் நல்லது.