மறு: தட்டைத்திரையா, தகட்டுத்திரையா?

குழுவினருக்கு வணக்கம். தொலைக்காட்சிக் கையேட்டுக்கான நம் தமிழ்ச்சொல் பட்டியலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ஃப்ளாட் பேனல் = தட்டைத்திரை, ஒய்டு ஸ்கிரீன் = அகலத்திரை. இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

அகலத்திரை சரி. தட்டைத்திரைதான் இடிக்கிறது. 2000க்குப் பிறகு கொஞ்ச காலம் சென்னையில் கடைக்குக் கடை 'ஃப்ளாட் டிவி' விற்றார்களே, நினைவிருக்கிறதா? கண்ணாடி முகம் மட்டும்தான் தட்டை. பின்னால் அதே படக்குழாய், அதே கூம்பு முதுகு. எங்கள் வீட்டு 29 அங்குலப் பெட்டியை மூன்றாம் மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் போதாமல், படி திரும்பும் இடத்தில் பக்கத்து வீட்டுப் பையனும் வந்து முட்டுக்கொடுத்தான். சொல்லப்போனால் அதுவும் தட்டைத்திரைதான்! இப்போது சுவரில் மாட்டியிருப்பதற்கும் அதே பெயர் என்றால், கையேட்டைப் படிக்கிறவர் எதை நினைத்துக்கொள்வார்? புதுப் பெட்டிக்கு நாம் காசு கொடுப்பதே அந்த முதுகு ஒழிந்ததற்காகத்தான். சொல்லும் அதைச் சொல்ல வேண்டாமா?

அதனால் 'தகட்டுத்திரை' என்று வைக்கலாம் என்கிறேன். தகடு என்றால் மெலிவும் தட்டையும் ஒன்றாக வந்துவிடுகின்றன. பேனலை மட்டும் தனியே சொல்லத் 'திரைத்தகடு'. பலகையையும் யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கரும்பலகை கண்முன் வந்து நிற்கிறது. போன வாரம் ரிச்சி தெருவில் பழுது பார்க்கிறவரிடம் இந்தச் சொல்லைச் சோதித்தேன். "பேனல் போச்சு சார், மாத்தணும்" என்றார். "தகடு போச்சா?" என்று கேட்டேன். "தகடு வைக்க நான் என்ன மந்திரவாதியா சார்?" என்றார். இந்த மறுப்பை நீங்கள் எழுப்பும் முன் நானே பதிவு செய்துவிடுகிறேன்.

அகலத்திரைக்கு ஒரு விளக்கம் மட்டும். 'அகன்ற திரை' என்று எழுதினால் பெரிய திரை என்றே படிப்பார்கள். பேச்சு அளவைப் பற்றியது இல்லையே, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள 16:9 என்ற விகிதத்தைப் பற்றியது. மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்ததைக் கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் பார்த்தவர்களுக்கு அகலத்திரை உடனே பிடிபடும். அங்குலக் கணக்கு மூலைவிட்டத்துக்கு என்பதையும் கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 32 அங்குல அகலத்திரையின் உயரம் 16 அங்குலம்கூட இல்லை. எங்கள் பழைய 29 அங்குலப் பெட்டியில் படம் அதைவிட உயரம். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து பல ஆண்டுகள் நாம் பார்த்ததெல்லாம் 4:3. அந்தக் கால நிகழ்ச்சியை இழுக்காமல் போட்டால், 32 அங்குலத் திரையில் 26 அங்குலப் பெட்டியின் அளவுக்குத்தான் படம் வரும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு. இழுத்துப் போட்டால் எல்லோருக்கும் கன்னம் உப்பிவிடும். என் அத்தைக்கு உப்பிய கன்னம்தான் பிடித்திருக்கிறது: "காசு கொடுத்து வாங்கிட்டு ஓரத்தைச் சும்மா விடுவானேன்?"

> எல்சிடி பழசு, இப்போது எல்லாம் எல்இடி. அதற்கும் சொல் வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் எல்இடி டிவி பெரும்பாலும் எல்சிடியேதான், அதாவது நீர்மப் படிகத் திரை. நீர்மப் படிகம் தானாக ஒளிராது. பின்னால் எரியும் விளக்கின் ஒளியை மின்னழுத்தத்துக்குத் தக்கபடி விடும், மறிக்கும். சன்னலைத் திறந்து மூடுவது போல. 1920×1080 திரையில் புள்ளிக்கு மூன்று நிறம் என்று 62 லட்சத்துக்கு மேல் சன்னல்கள். முன்பு அந்த விளக்கு மெல்லிய ஒளிர்குழல், இப்போது எல்இடி. மாறியது பின்னொளி மட்டும். ஆகவே 'எல்இடி பின்னொளி' என்று எழுதுவோம், திரையின் பெயரைத் தொட வேண்டாம். ஓஎல்இடி வேறு சாதி, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

நீர்மமா திரவமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒன்று மட்டும்: 1888இல் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் ஒரு கொலஸ்டிரால் சேர்மத்தைச் சூடாக்கியபோது அது 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கி நின்று, 178.5 பாகையில்தான் தெளிந்தது. மறு ஆண்டு லேமன் என்ற இயற்பியலாளர் அதற்குப் 'பாயும் படிகம்' என்றுதான் பெயர் வைத்தார். பாய்படிகம் என்றால் எவ்வளவு சுருக்கம்! ஆனால் நீர்மப் படிகம் புழங்கிவிட்டது, விடுங்கள்.

கான்ட்ராஸ்டுக்கு, அதாவது திரையின் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, பட்டியலில் உள்ள 'வேறுபாடு' சப்பென்றிருக்கிறது. தி.நகர் சேலைக்கடையில் "பார்டர் எடுப்பா இருக்கு" என்கிறார்களே, அதேதான். எடுப்பு விகிதம் என்று வைப்போம். சன்னல் மூடினாலும் கொஞ்சம் ஒளி கசிவதால், அறை விளக்கை அணைத்துப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. எடுப்புக் குறைவு என்றால் இதுதான். எடுப்புச் சாப்பாட்டோடு குழம்பும் என்பவர்கள் மாற்றுச்சொல் தரலாம்.

வியூயிங் ஆங்கிளுக்குப் 'பார்வைக் கோணம்' வேண்டாம், அது கருத்தைப் பற்றிப் பேசும்போது வருவது. 'காண்கோணம்' போதும். அத்தை சுவரோரம் பாயில் உட்கார்ந்தால் முகங்கள் வெளிறித் தெரிகின்றன, நேர் எதிரே நாற்காலியில் இருக்கும் எனக்கு அப்படித் தெரிவதில்லை. காண்கோணம் குறைந்த தகடு.

படத்தையும் ஒலியையும் கொண்டுவரும் கம்பியைச் செருகும் எச்டிஎம்ஐ துளைக்கு 'செருகுவாய்' என்று போட்டிருக்கிறேன். ஞாயிறு இரவு பட்டியலை அனுப்பியாக வேண்டும். அதற்குள் தகட்டுத்திரைக்கு மட்டுமாவது ஆம், இல்லை சொல்லிவிடுங்கள்.