விடியற்காலைப் புகையும் பிள்ளைகளின் ஆஸ்துமாவும்: தெருவாகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

கேள்வி: அம்மாப்பேட்டைத் தாய்

சேலம் அம்மாப்பேட்டையில் தறிக்கூடங்கள் நெருங்கிய தெருவொன்றில் வசிக்கிறோம். எட்டு வயது மகளுக்கு மூன்று ஆண்டுகளாக ஆஸ்துமா. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தெருமுனைக் காலிமனையில் குப்பையைக் கொளுத்தும்போதெல்லாம் அவளுக்கு இழுப்பு வந்துவிடுகிறது. நெபுலைசர் வைக்கப் பலமுறை ஓடியிருக்கிறோம். இதே தெருவில் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை உண்டு. தனித்தனியாகப் புகார் கொடுத்தால் இரண்டு நாள் நிற்கிறது, பிறகு பழையபடிதான். தெருவார், பள்ளி, மருத்துவர், மாநகராட்சி ஆகிய எல்லோரையும் ஒன்றுசேர்க்க எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், சேலம் குகைப் பகுதி

சகோதரி, முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். ஐந்து வீட்டாரும் நாள், நேரம், எங்கே புகை, காற்று எந்தப் பக்கம், பிள்ளைக்கு எத்தனை முறை இன்ஹேலர் தேவைப்பட்டது, பள்ளிக்குப் போனதா என்பதை ஒரே மாதிரி குறித்து வாருங்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் சுற்றுவட்டார மக்கள் 2004இல் இப்படித்தான் எந்த மணிக்கு என்ன நாற்றம் வந்தது என்று எழுதி வைத்ததோடு, வாளிக்குள் பொருத்திய பையில் காற்று மாதிரியையும் தாங்களே பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஒரு மாதக் குறிப்பே போதும்.

நமது ஊரைச் சுற்றிச் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று மலைகள் நிற்கின்றன. பனிக்காலத்தில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடுவதால், விடியலில் எழும் புகை மேலே போக வழியின்றித் தெருவிலேயே தேங்குகிறது. அதே குப்பையை நண்பகலில் எரித்தால் இவ்வளவு தெரியாமல் போகலாம். அதற்காக நேரத்தை மாற்றி எரிக்கச் சொல்லிவிடாதீர்கள். பி.எம். 2.5 என்னும் நுண்துகளுக்கு நம் நாட்டில் ஒரு நாள் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. ஆனால் நகருக்கு நடுவே காற்றின் தரத்தை அளக்கும் கருவி காட்டும் சராசரியில் உங்கள் தெருமுனை நெருப்பு தெரியாது என்பதால்தான் நோட்டுப் புத்தகம் முக்கியமாகிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். இழுப்பு வரும்போது தரும் இன்ஹேலர் உடனடி நிவாரணம் மட்டுமே தரும். மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எண்ணி நிறுத்தாதீர்கள்.

பதில் 2: முன்னாள் துப்புரவு மேற்பார்வையாளர்

திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. ஆனாலும் அபராதத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்குவது பயன் தராது என்பது என் அனுபவம். கொளுத்துகிற பணியாளர் பெரும்பாலும் வேறு வழியில்லாமல் கொளுத்துகிறார்: வண்டி வரவில்லை, இரவில் கடைக்காரர்கள் கொட்டிவிட்டார்கள், விடிந்தால் மேலதிகாரி பார்வையிட வருவார். அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தப் புகையை நாள்தோறும் முதலில் சுவாசிப்பவரும் அவர்தான். நாங்கள் ஒரு தெருவில் வண்டி வரும் நேரத்தைக் கடைக்காரர்களோடு பேசி முடிவு செய்து, காலிமனை உரிமையாளரைக் கொண்டு வேலி போட வைத்த பிறகு எரிப்பு ஏறக்குறைய நின்றது. போகிப் பண்டிகையன்று டயர் எரிப்பதைத் தடுக்கப் பள்ளிப் பிள்ளைகளைவிடச் சிறந்த தூதர்கள் இல்லை.

பதில் 3: ஏற்காடு, காப்பித் தோட்டம்

மலையிலும் சருகு எரிக்கும் பழக்கம் உண்டு. நாங்கள் குழி வெட்டி, சருகோடு சாணம் கலந்து மட்க விடுகிறோம். தறிக்கூடங்களில் பஞ்சுத் தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்கச் சொல்லிப் பாருங்கள். அங்கு வேலை செய்வோரின் நெஞ்சுக்கும் நல்லது.

கேள்வி கேட்டவர்

நன்றி. பணியாளரிடம் ஒருமுறைகூட நாங்கள் பேசியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டாரும் கூடுகிறோம். அவரையும், மூலையில் இருக்கும் பழக்கடைக்காரரையும் அழைத்திருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கம் இன்று காலை எழுதியாகிவிட்டது.