தானாகத் தாளம் போடும் மென்பொருளும் வீட்டுப் பதிவும்: உங்களுக்கு என்ன நடந்தது?

அன்னூர்க்காரன்

இதை எங்காவது எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. எங்கள் அம்மிச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் ஊர்க் கும்மியில் முன்பாட்டு அவருடையதுதான். பதினோரு கண்ணி கொண்ட ஒரு பாட்டு இன்று அவர் ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும். அதைப் பதிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு போனேன். மென்பொருள் பேண்ட் இன் எ பாக்ஸ்தான், பாட்டுக்குப் பக்கவாத்தியத்தைத் தானாகவே வாசித்துத் தரும். கட்டம் கட்டமாக (தாளத்தின் ஒரு சுற்று ஒரு கட்டம்) கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை எழுதி, ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, வேகத்தைச் சொல்லிவிட்டால் டிரம்ஸ் வந்து விழும். கும்மிக்குக் கார்ட் எதற்கு? எல்லாக் கட்டத்திலும் ஒரே ‘ஸி’யைப் போட்டு, பாஸ், பியானோ வாயையெல்லாம் அடைத்துவிட்டு, 6/8 தாள டிரம்ஸை மட்டும் விட்டேன். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியட்டும் என நான்கு கண்ணிக்கு ஒரு பகுதிக் குறி வைத்தேன். சனி பிடித்தது அங்கேதான்.

ஹெட்போன் மாட்ட அம்மிச்சி சம்மதிக்கவில்லை. “அதை மாட்டினால் என் குரல் எனக்கே கேட்காது கண்ணு” என்றார். ஸ்பீக்கரைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சத்தத்தைக் குறைத்து வைத்தேன். முதல் கண்ணியில் தயங்கினார். இரண்டாவதில் கை தானாகத் தட்டத் தொடங்கியது. மூன்றாவதில் ஒரு குழைவு வந்தது பாருங்கள், பிறந்ததிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்கிற நான் கேட்டறியாதது. நான்காவது முடிகிற இடத்தில் மென்பொருள் ஒரு உருட்டு உருட்டி, சிம்பலை ஓங்கி ஒரு அடி அடித்தது.

அம்மிச்சி பாட்டை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி, “யாரது, தட்டைப் போட்டது?” என்றார்.

உள்ளே யாரும் இல்லை. கணினி அடித்தது என்று எவ்வளவோ சொன்னேன். “சரி, அப்புறம் பார்க்கலாம்” என்று எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மீதி ஏழு கண்ணி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

சோமனூர் தறிவீடு

எனக்கு நேர்மாறு. வீட்டை ஒட்டியே தறிக்கூடம், பதினாறு விசைத்தறி. புதிதாக வருபவர்கள் காதைப் பொத்துவார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை. ஹெட்போனில் நிமிடத்துக்கு 96 என்ற வேகத்தில் டிரம்ஸ் ஓடுகிறது, ஒரு முருகன் பாட்டு பாடுகிறேன், அச்சாகப் போகிறது என்று நினைப்பு. இரண்டாம் முறை பல்லவிக்கு வரும்போது மின்சாரம் போனது. தறிகள் மொத்தமும் நின்றன. கணினி பேட்டரியில் ஓடியதால் டிரம்ஸ் ஒரு அடிகூடத் தவறவில்லை. தவறியது நான்தான். அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாமல், காதுக்குள் தாளம் அடித்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்தபடி நின்றேன்.

பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதல் தறியின் நாடா (குறுக்கு நூலோடு ஓடும் கட்டை) அடிக்கும் அடிக்கு நான் பாடியிருக்கிறேன். டிரம்ஸுக்கும் எனக்கும் ஒட்டே இல்லை. இப்போதெல்லாம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் பதிவு. மடிக்கணினியில் இருக்கும் இரண்டு மணி நேரச் சார்ஜுக்குள் முடிக்க வேண்டும்.

ஈரோடு கீபோர்டு

அன்னூர்க்காரரே, தவறு மென்பொருளுடையது அல்ல, உங்களுடையது. பகுதிக் குறி வைத்தால் முந்தைய கட்டத்தில் உருட்டு வரும், புதுப் பகுதியின் முதல் அடியில் சிம்பல் விழும். அதற்காகத்தான் அந்தக் குறியே இருக்கிறது. ஒரு ஆலயப் பாடலில் நானும் முதலில் இப்படி மாட்டிக்கொண்டவன்தான், அது கிடக்கட்டும்.

இனி இப்படிச் செய்யுங்கள். முதலில் அவரைத் தாளமே இல்லாமல் பாட விடுங்கள். பிறகு கைதட்டல் எங்கெங்கே விழுகிறதோ அங்கெல்லாம் கட்டத்தின் கோட்டை இழுத்து வையுங்கள். வேகம் கட்டத்துக்குக் கட்டம் மாறும், மாறட்டும். டிரம்ஸை ஒலிக் கோப்பாக எடுக்காதீர்கள், மிடியாக, அதாவது எந்த அடி எப்போது விழ வேண்டும் என்ற குறிப்பாக எடுத்தால்தான் அந்தக் கோடுகளோடு நடக்கும். மிடியில் டிரம்ஸுக்குப் பத்தாவது சானல். அதில் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு எண் உண்டு. 1991-இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கின்படி 36 பாஸ் டிரம், 38 ஸ்நேர், 42 மூடிய ஹைஹாட், 49 கிராஷ் சிம்பல். 49-ஐ மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். 57-உம் கிராஷ்தான், அதையும் விடாதீர்கள். அடியின் வலு 1 முதல் 127 வரை போகும். எல்லா அடியும் 100-இல் நின்றால் ஆணி அடிப்பது போலிருக்கும், ஹைஹாட்டை ஒன்றுக்கு 50, ஒன்றுக்கு 70 என்று ஏற்றி இறக்குங்கள். கும்மிக்கு ஸ்நேர் பொருந்தாது. 38-ஐ 39-க்கு மாற்றுங்கள், கைதட்டல் ஒலி வரும். செலவு வேண்டாம் என்றால் ஹைட்ரஜன் என்ற இலவச மென்பொருளில் அடிகளை நீங்களே கட்டலாம். பேண்ட் இன் எ பாக்ஸ் 1990-இலேயே வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் கையேட்டைத் திறந்து பார்ப்பவரைத்தான் காணோம்.

தறிவீட்டுக்காரருக்கு: மைக்கைத் தறிச் சுவருக்கு முதுகு காட்டி வையுங்கள். சுவரில் பழைய கோணிச் சாக்கை நான்கைந்து மடிப்பாகத் தொங்கவிட்டால் மேல்ஸ்தாயிச் சத்தம் குறையும். அடித்தளம் வழியாக வரும் அதிர்வுக்கு அது உதவாது.

பவானிக் கரை

கீபோர்டுக்காரரே, அவர் வைத்தியம் கேட்கவில்லை. எண்பது வயதுப் பாட்டி கையைத் தட்டுகிறார், நீங்கள் 39-ஆம் எண் கைதட்டலைப் போடச் சொல்கிறீர்கள்!

என் கதை கோபிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் நடந்தது. எங்கள் மெல்லிசைக் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தோம், இப்போது ஐந்து பேர். டிரம்ஸை நான் வீட்டில் மென்பொருளில் உருவாக்கிக் கொண்டுவருவேன். ஒன்பது வருடம் எங்களுக்கு டிரம்ஸ் வாசித்த அண்ணன் இப்போது ஒயர், ஸ்பீக்கர் பொறுப்பைப் பார்க்கிறார். அன்று மேடைக்குப் பக்கத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சரணத்துக்குள் நுழையும் இடத்தில் அந்தக் கை நின்றது. பக்கத்திலிருந்த காலிப் பெட்டியின் மேல் இரண்டு விரலால் ஒரு உருட்டு. என்னுடையது அரைக் கட்டம் கழித்து வந்தது.

அவருடையதுதான் சரி. அந்தச் சரணத்தின் முதல் சொல் அடிக்கு முன்பே எடுப்பது. என் உருட்டு அந்தச் சொல்லின் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இருபது தடவைக்கு மேல் மேடையில் ஓட்டிய டிராக், எனக்குத் தெரியவே இல்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மீண்டும் ஒயரைச் சுற்றினார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் திருத்திவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது?

அன்னூர்க்காரன்

கீபோர்டுக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம், சொன்னபடி 49, 57 இரண்டையும் நீக்கினேன். பிறகு டிரம்ஸ் முழுவதையுமே அடைத்துவிட்டு அம்மிச்சியின் குரலை மட்டும் போட்டுக் கேட்டேன். ஸ்பீக்கரில் அடித்த சிம்பல் சுவரில் பட்டுத் திரும்பி, லேசாக, எங்கோ உள்ளே இருந்து வருவது போல மைக்கில் ஏறியிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், சமையலறையில் யாரோ எவர்சில்வர் தட்டைப் போட்டது போலவேதான் இருக்கிறது.