0.2 மி.மீ. எஸ்.எஸ். தகட்டில் எட்சிங்: நடுவில் துளை சின்னது, ஓரத்தில் பெரிது. ஏன்?

துளைத்தகடு (கேள்வி):

வணக்கம். 304 ஸ்டெயின்லெஸ் தகடு, 0.2 மி.மீ. கனம், 300 × 450 ஷீட். ஃபில்டர் மெஷுக்காக 0.30 மி.மீ. துளைகளை எட்சிங்கில், அதாவது கரைசலால் உலோகத்தை அரித்துப் போடுகிறோம். இரண்டு பக்கமும் ட்ரை ஃபிலிம் (அரிக்கக் கூடாத இடத்தை மூடும் ஒளியுணர் படலம்), கிடைமட்ட கன்வேயர் மெஷின், ஃபெரிக் குளோரைடு ஸ்ப்ரே. கரைசல் 42 போமே (அடர்த்தி அளவு), 48 டிகிரி, மேலும் கீழும் 2 பார், சுமார் 6 நிமிடம். ஆர்ட்வொர்க்கில் (துளைகளின் படம் உள்ள ஃபிலிமில்) துளை 0.20.

ட்ராயிங்கில் இருப்பது 0.30, கூடக்குறைய 0.02. ஓரத்தில் 0.34 வருகிறது, நடுவில் 0.28. சில துளைகளில் சுவரின் நடுவே கத்திமுனை போல ஒரு விளிம்பு நிற்கிறது. கன்வேயரை மெதுவாக ஓட்டினால் ஓரத் துளைகள் இன்னும் பெருத்துவிடுகின்றன. மதியத்துக்கு மேல் அதே வேகத்தில் எல்லாத் துளையும் சின்னதாகிறது. ஆனால் போமே இறங்கவில்லை, 43 காட்டுகிறது. ஆர்ட்வொர்க்கில் நடுத் துளைகளை மட்டும் பெரிதாக்கி வரையலாமா?

அரிப்புக்கலன்:

ஆர்ட்வொர்க்கில் கை வைக்காதீர்கள் சார். கோளாறு மெஷினில் இருக்கிறது. அதற்கு ஏற்றபடி படத்தை வளைத்தால், நாளை ஒரு நாஜில் (ஸ்ப்ரே முனை) அடைத்ததும் படம் வீணாகிவிடும்.

கிடைமட்ட மெஷினில் மேல்பக்கம் விழும் கரைசல் தகட்டின் மேல் குளம்போல் தேங்கும். அது ஓரத்துக்கு நகர்ந்துதான் கீழே விழ வேண்டும். அதனால் நடுவில் எப்போதும் பழைய கரைசல் ஒரு படலமாக நிற்கிறது, புது ஸ்ப்ரே உலோகத்தைத் தொடுவதற்குள் அதன் வேகம் செத்துவிடுகிறது. ஓரத்தில் தேக்கம் இல்லை, அங்கே அரிப்பு வேகமாக நடக்கும். கீழ்ப்பக்கத்தில் அடித்த கரைசல் உடனே விழுந்துவிடுவதால் அங்கே நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரு ஷீட்டில் கீழ்ப்பக்கம் முழுதும் ரெசிஸ்டை (ட்ரை ஃபிலிமை) ஒளிகாட்டி இறுகவைத்து மூடிவிட்டு, மேல்பக்கத்தில் மட்டும் 5 மி.மீ. சதுரங்கள் ஒன்பதைத் திறந்துவிடுங்கள்: நான்கு மூலை, நான்கு பக்கங்களின் நடு, ஷீட்டின் மையம். 2 நிமிடம் ஓட்டி, கழுவி, ரெசிஸ்டை உரித்து, கூர்முனை டயல் கேஜில் ஆழம் பாருங்கள். இன்னொரு ஷீட்டைக் கவிழ்த்துப் போட்டு கீழ்ப்பக்கத்துக்கும் அதையே செய்யுங்கள். மேலே மையத்துக்கும் மூலைக்கும் இடையே வித்தியாசம் தெரிந்து, கீழே தெரியாவிட்டால் காரணம் தேக்கம்தான்.

சரிசெய்ய: மேல் வரிசையில் நடு நாஜில்களுக்கு அழுத்தத்தைக் கூட்டுங்கள், ஓர நாஜில்களுக்குக் குறையுங்கள். தனித்தனி வால்வு இல்லையென்றால் ஓரத்தில் சின்ன வாய் நாஜில் மாட்டலாம். ஸ்ப்ரே குழாய்கள் அசைகின்றனவா என்று பாருங்கள், அசைவு நின்றுபோன மெஷினில் கோடு கோடாகவும் தெரியும். பாதி நேரத்தில் ஷீட்டை எடுத்துக் கவிழ்த்து, 180 டிகிரி திருப்பி மீண்டும் விட்டால் மேல்-கீழ் வித்தியாசமும் முன்-பின் வித்தியாசமும் சமன்படும். நடு-ஓர வித்தியாசத்துக்கு நாஜில்தான் வழி. நான்கு பக்கமும் 20 மி.மீ. வெற்று விளிம்பு விட்டு, வேகமாக அரிக்கும் பகுதி அதிலேயே போய்விடும்படி பாகங்களை உள்ளே தள்ளி அடுக்குங்கள்.

மைக்ரான்:

மேலே சொன்னது சரி. கத்திமுனை விஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு பக்கமும் 0.1 மி.மீ. அரித்து நடுவில் சந்திக்கும்போது சுவரில் ஒரு விளிம்பு எழும், அது இயல்பு. துளை திறந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓட்டினால்தான் அது கரையும். நடுத் துளைகள் தாமதமாகத் திறப்பதால் அந்தக் கூடுதல் நேரம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. தேக்கத்தைச் சரிசெய்தால் இதில் பாதி தானே தீரும்.

விளிம்பு சுவரின் ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் மேல், கீழ் ஆர்ட்வொர்க் பொருந்தவில்லை என்று அர்த்தம். பாலியெஸ்டர் ஃபிலிம் ஈரப்பதத்துக்கு நீளும்: 450 மி.மீ. நீளத்தில் ஈரப்பதம் 10 சதவீதம் மாறினாலே 40 மைக்ரான் அளவுக்கு நகரும். இரண்டு ஃபிலிமையும் ஒரே நாளில் எடுத்து, எக்ஸ்போஷர் அறையிலேயே ஒரு நாள் கிடக்கவிட்டுப் பின் போடுங்கள். வேலை நிலையானது என்றால் கண்ணாடி ஆர்ட்வொர்க் வாங்கிவிடலாம், காசுக்கு மோசமில்லை.

ஆர்ட்வொர்க்கில் 0.20 என்ற கணக்கு தொடக்கத்துக்குச் சரி: ஆழம் 0.1, பக்கவாட்டு அரிப்பு அதில் பாதி, ஆக ஒரு ஓரத்துக்கு 0.05. கனத்தைவிட ஒன்றரை மடங்கு விட்டம் என்பதால் துளை அளவும் கஷ்டமானதல்ல. ஆனால் கூடக்குறைய 0.02 என்பது கனத்தில் 10 சதவீதம். இந்தத் தொழிலில் வழக்கமாக ஒப்புக்கொள்ளும் எல்லையே அதுதான், தளர்வு ஒன்றும் மிச்சமில்லை. ட்ரை ஃபிலிம் 38 மைக்ரானா? இவ்வளவு சின்னத் துளைக்கு 25-க்கு இறங்குங்கள். தடித்த ரெசிஸ்டில் துளை ஒரு கிணறுபோல் ஆகி, உள்ளே கரைசல் மாறாது.

கழிவுத்தொட்டி:

மதியச் சிக்கலுக்கு வருகிறேன். போமே மீட்டர் எடையைத்தான் காட்டும், வீரியத்தைக் காட்டாது. கரைந்த இரும்பும் குரோமியமும் நிக்கலும் கரைசலிலேயே இருப்பதால், அது செத்துக்கொண்டே கனக்கும். 43 ஏறியது அதனால்தான், கூடவே தண்ணீரும் ஆவியாகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஷீட் சுமார் 216 கிராம். அதில் 30 சதவீதம் கரைகிறது என்றால் 65 கிராம் உலோகம். ஓர் அணு இரும்புக்கும் நிக்கலுக்கும் இரண்டு ஃபெரிக், குரோமியத்துக்கு மூன்று. மொத்தம் ஷீட் ஒன்றுக்கு ஏறக்குறைய 400 கிராம் ஃபெரிக் குளோரைடு, அரிக்கும் வீரியம் இழந்த ஃபெரஸாக மாறிவிடும். 42 போமேயில் லிட்டருக்கு இருப்பதே சுமார் 550 கிராம். டேங்க் 200 லிட்டர் என்றால் எத்தனை ஷீட்டில் வேகம் குறையும் என்று நீங்களே பார்க்கலாம். கரைசல் முழுதும் தீரும்வரை காத்திருக்காமல் அதற்கு வெகு முன்பே அரிப்பு மந்தமாகும்.

ஒரு ஓ.ஆர்.பி. மீட்டர் (கரைசலின் ஆக்சிஜனேற்றத் திறனைக் காட்டுவது) மாட்டுங்கள். புதுக் கரைசலில் அது காட்டும் எண்ணைக் குறித்து வைத்து, எவ்வளவு இறங்கினால் உங்கள் துளை 0.01 சுருங்குகிறது என்று இரண்டு நாள் எழுதிப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் எல்லை. செத்த கரைசலை மீட்க, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும். இரண்டு பங்கு ஃபெரஸுக்கு ஒரு பங்கு பெராக்சைடு, இரண்டு பங்கு அமிலம், எல்லாம் மோல் கணக்கில். முதலில் அமிலம், பிறகு பெராக்சைடு, அதையும் சொட்டுச் சொட்டாக, பம்ப் ஓடும்போது மட்டும். சூடு ஏறும், 50 தாண்டினால் நிறுத்திவிடுங்கள். சோடியம் குளோரேட்டை கையால் கொட்டுகிறவர்கள் உண்டு. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், தானாக அளந்து ஊற்றும் டோசிங்கும், வாயுவைக் கழுவிப் பிடிக்கும் ஸ்க்ரப்பரும் இல்லாத இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

வெளியே வந்த ஷீட்டை நேரே தண்ணீரில் போட்டால் மஞ்சள் கறை பிடிக்கும். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் முக்கி, பிறகு தண்ணீர். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாதீர்கள், அதில் நிக்கல் இருக்கிறது. குரோமியம் பி.எச். 8.5 அளவில் படிந்துவிடும், நிக்கலுக்கு 10 வரை ஏற்ற வேண்டும். அதனால் சுண்ணாம்பு போட்டு இரண்டு கட்டமாகப் படியவைப்பது நல்லது. அழுத்தி வடித்த சேறு அபாயக் கழிவு. தமிழ்நாட்டில் இருந்தால் கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் மையத்துக்குத்தான் போக வேண்டும்.

துளைத்தகடு:

மிக்க நன்றி. நடு நாஜிலுக்குத் தனி வால்வு இருக்கிறது, ஒன்பது சதுர சோதனையை முதலில் செய்கிறேன். கவிழ்த்துப் போடும்போது பாதி நேரத்தில் ஷீட்டைக் கழுவி எடுக்க வேண்டுமா?

அரிப்புக்கலன்:

கழுவ வேண்டாம். ஈரமாகவே திருப்பி உடனே விடுங்கள். காய்ந்தால் துளைக்குள் கறை கட்டி அந்த இடம் மட்டும் அரிக்காமல் நின்றுவிடும். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.