தயிர் எண்டு போட்டது பதினைஞ்சு கிறுக்கலா வருது, உதவி தேவை

அண்ணாமார் அக்காமார், பிஎச்பி மைஎஸ்கியூஎல் (சைட் எழுதுற மொழியும் டேட்டாபேசும்) தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் பாருங்கோ. கல்லடியில சித்திட கடைக்கு ஒரு சைட் செஞ்சு குடுத்தன், தயிர், இறால், முந்திரிக்கொட்டை எல்லாம் தமிழ்லதான் போட்டிருக்கு, ரெண்டு மாசமா நல்லா ஓடினது. முந்தநாள் ஆரோ சொன்னாங்க எண்டு டேட்டாபேஸ் கனெக்‌ஷன்ல செட் சார்செட் யூடிஎஃப்8எம்பி4 (தமிழையும் தாங்குற எழுத்துமுறை) எண்டு ஒரு வரி போட்டன் (முதலே போட்டிருக்கணும், தெரியும், ஏசாதீங்கோ), போட்ட உடன பழைய பேரெல்லாம் கிறுக்கலா மாறிட்டு. தயிர்ல யூனிகோட் குறி அஞ்சு, ஒண்டுக்கு மூண்டு பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு கிறுக்கலா வருது, அதுதான் பதினைஞ்சு கிறுக்கல், வட்டத்துக்குள்ள ஆர் போட்ட அடையாளம் திரும்பத் திரும்ப வருது.

கனெக்‌ஷன் லத்தீன்1ல (ஒரு பைட்டை ஒரு எழுத்தா எடுக்கிற பழைய முறை) இருந்ததால ரெண்டு தரம் மாத்திச் சேவ் ஆகியிருக்கு எண்டு விளங்குது. திரும்ப லத்தீன்1க்கு மாத்தி, பைனரியாக்கி (வெறும் பைட்டா எடுத்து), பிறகு யூடிஎஃப்8எம்பி4க்கு கொண்டு வாற அப்டேட் குவெரியும் தெரியும். பிரச்சினை என்னெண்டா அதே டேபிள்ல முந்தநாளுக்குப் பிறகு சித்தி சேர்த்த நல்ல வரிகளும் கிடக்கு, திகதி கொலமும் நான் வைக்கல்ல. ஹெக்ஸ்ல (பைட்டை பதினாறடிமான எண்ணில காட்டுறது) பார்த்தா பழுதானது சி3ல துவங்குது, நல்லது ஈ0ல. அதை வச்சுப் பிரிச்சா போதுமா? "1 கிலோ இறால்" மாதிரி இலக்கத்தில துவங்குற பேருகளை என்ன செய்யிற? பேக்கப் எடுத்துட்டன், ஆனாலும் கை நடுங்குது. சித்தி வேற மணித்தியாலத்துக்கு ஒருக்கா கோல் எடுக்கிறா.